படமாக வைத்த எழுத்து

வெப் டிசைனிங் படிக்கப் போனபோது எனக்கு முப்பத்துமூன்று வயது. 2004ஆம் வருடம். நாகர்கோவில் வடசேரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் கோட்டாற்றில் ஒரு கல்யாணக் கார்டு கடையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளையார், குத்துவிளக்கு, பிறையும் நட்சத்திரமும், சிலுவையும் புறாவும் என்று வருகிறவர்களுக்கு எது வேண்டுமோ அதை வரைவேன். ஆனால் ஆட்கள் என்னைத் தேடி வந்தது படத்துக்காக அல்ல, எழுத்துக்காக. மாப்பிள்ளை பெண் பெயரைப் பட்டை நிப்பால் நான் எழுதினால் அந்தக் கார்டைக் கிழித்துப் போட மனசு வராது என்று சொல்வார்கள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. டிராயிங் பரீட்சை லோயரும் ஹையரும் பாஸ். அதை வைத்து அரசாங்க டிராயிங் டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அழைப்பு வரவே இல்லை.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை. என் நாற்காலியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் போட்டார். கடைசியில் அது பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் வந்து நின்றபோது நானே புரிந்துகொண்டேன்.

சென்டரில் என்னோடு படித்த எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தவனும் பி.எஸ்ஸி. முடித்த பையன்தான். அவன் போர்டில் ஆங்கிலத்தில் எழுதுவதை நான் எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் வரைந்துகொள்வேன். எழுதுவேன் என்று சொல்ல முடியாது. சந்தேகம் கேட்க வாய் வராது. ஒருநாள் துணிந்து, "இந்தப் பக்கத்துல படத்த ரெண்டு நூல் மேல தூக்கணும், எப்பிடி?" என்று கார்டு கடையில் அளக்கும் நூல் கணக்கிலேயே கேட்டேன்.

"ரெண்டு நூலா? அக்கா, இது டிராயிங் கிளாஸ் இல்ல கேட்டியளா" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அதன்பிறகு நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் கற்றுக்கொண்டேன். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் எதைக்கொண்டு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாக அழித்து, எது போனால் எது இடிந்து விழுகிறது என்று கவனித்தேன். நிறங்களுக்கு ஆறு இலக்க எண் என்பது மட்டும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. எந்தச் சிவப்பில் எவ்வளவு நீலம் கிடக்கிறது என்று எனக்குக் கண்ணாலேயே தெரியும். எண் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

எல்லாரும் முட்டிக்கொண்ட இடம் தமிழ். இங்கே அடித்த தமிழ், அடுத்த தெரு பிரவுசிங் சென்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ, புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகவோ தெரியும். அந்த எழுத்துரு அந்த மெஷினில் இருந்தால்தான் தமிழ் வரும். பி.எஸ்ஸி. பையன் கையை விரித்துவிட்டான். நான் வீட்டுக்குப் போய், பட்டை நிப்பால் ஒரு பக்கத்தின் தலைப்புகளை எல்லாம் எழுதினேன். ஸ்கேன் செய்து, கீழே வரவேண்டிய விஷயங்களையும் போட்டோஷாப்பிலேயே அடித்து, மொத்தத்தையும் ஒரே படமாக்கினேன். படத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, கோடு தெரியாத ஒரு அட்டவணைக்குள் ஒட்ட ஒட்ட அடுக்கினேன். படம் எந்தக் கம்ப்யூட்டரிலும் படமாகத்தானே தெரியும்? தெரிந்தது. மூன்று பிரவுசிங் சென்டரில் போய்த் திறந்து பார்த்தேன். மூன்றிலும் என் எழுத்து நான் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது.

சென்டர் முதலாளி அதைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, இது நீங்க செஞ்சதா? உள்ளதாட்டா?" என்று நம்பமுடியாமல் கேட்டார். மறுமாதம் என்னையே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கும் நான் டீச்சர்.

அரசாங்கம் தராத அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எவ்வளவு வேலையும் செய்திருப்பேன். ஒரு நகைக்கடை, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு மூன்று கிறிஸ்தவப் பங்குக் கோயில்கள் என்று அடுத்த ஐந்தாறு வருடத்தில் நான் செய்த பக்கங்கள் எல்லாமே படங்கள்தான். வகுப்பில் நான் முன்னால் நிற்கமாட்டேன். இருபது முகங்கள் சேர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, அவர்கள் தோளுக்கு மேலே மானிட்டரைப் பார்த்துப் பேசுவேன். முதல் பாடமே, எழுத்தை எழுத்தாக விடக்கூடாது, படமாக்கிவிட வேண்டும் என்பதுதான்.

இதை இப்போது ஒளிக்காமல் சொல்லவேண்டும். யூனிகோட் என்று ஒன்று வந்திருப்பதை 2007 வாக்கிலேயே ஒரு பையன் என்னிடம் கேட்டான். எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே வருமாமே டீச்சர் என்றான். நானும் பார்த்திருந்தேன். அந்த எழுத்துகள் எனக்குப் பிடிக்கவில்லை. வரிசை கோணி, கொம்பும் காலும் ஒன்றோடொன்று சேராமல், பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. போதாததற்கு, பார்க்கிறவன் ஜன்னலைச் சுருக்கினால் வரிகள் மடிந்து கீழே போய்விடும். நான் வைத்ததை வேறொருவன் நகர்த்துவது எனக்குப் பொறுக்கவில்லை. கார்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அது கார்டு. யார் கையில் போனாலும் மாறாது. பக்கமும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். "அது அழகா வராது மக்கா" என்று அந்தப் பையனை அடக்கிவிட்டேன். அவன் அடுத்த மாதம் வேறு சென்டருக்குப் போய்விட்டான். கெட்டிக்காரன்.

அவள் என்னிடம் படிக்க வந்தது 2010இல். முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர். இருபத்தாறு வயது. அப்பா மீன் ஏலம் எடுத்துக் கேரளத்துக்கு லாரியில் அனுப்புகிறவர். மற்றப் பிள்ளைகள் என்னிடம் பேசத் தயங்குவார்கள். நான் பேசாததால் எனக்குக் கர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். இவள் வந்த மூன்றாம் நாளே கேட்டாள்.

"டீச்சர், நீங்க சிரிச்சா மானிட்டர் உடைஞ்சா போவும்?"

மானிட்டரையே பார்த்தேன்.

"பின்ன? பொறத்தால வந்து நிக்கிய, சத்தமும் இல்ல. பேய்னு நெனச்சு நேத்து ஒரு மாதாவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் கை நல்ல கை. நான் எழுதும் பட்டை நிப்பை ஒரே வாரத்தில் வசப்படுத்திக்கொண்டாள். ழகரத்தின் கீழ்ச் சுழிப்பு என்னுடையதைவிட அவளுக்கு நன்றாக வந்தது. தன் ஊர் மாதா கோயிலுக்கு அவள் செய்த பக்கம், நான் அதுவரை செய்த எல்லாவற்றையும்விட அழகு. நீலத்தில் கடல், மேலே வெள்ளைக் கோபுரம், குறுக்கே பெரிய எழுத்தில், கொடியேறிய பத்தாம் நாளுக்கான 'பத்தாம் திருவிழா'. அந்தத் தலைப்பை மட்டும் பதினேழு தடவை எழுதினாள். பதினேழாவதுதான் வைத்தாள்.

அவளுக்குப் பஹ்ரைனிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் லீவில் வருகிறான், ஜனவரியில் கல்யாணம் என்று பேச்சு. அவளுக்கு விருப்பமில்லை. அப்பாவோடு அவள் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தாள். டிசம்பருக்குள் வேலை கிடைத்தால் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் கோயிலில் ஓலை வாசிக்கச் சம்மதிப்பாள். எங்கள் பக்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்குவது அவ்வளவு எளிதல்ல.

திருவனந்தபுரத்தில் வெப்சைட் செய்யும் ஒரு கம்பெனியில், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதிப் போட்டாள். நவம்பர் பின்பாதியில் நேர்முகம் என்று கடிதம் வந்தது.

"அப்பா மாதா குருசடியில மெழுகுதிரி கொளுத்துறாரு டீச்சர். கெடைக்கணும்னா, கெடைக்கக்கூடாதுன்னா, அதுதான் தெரியல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிதத்தை நாலாய் எட்டாய் மடித்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி முடிந்த நாட்கள் அவை. முதலாளியின் அக்கா மகன் பெங்களூரில் வேலை செய்கிறவன், லீவில் வந்தவன் சென்டருக்கும் வந்தான். சென்டரில் முன்னறையையும் லேபையும் பிரிப்பது ஒரு பிளைவுட் தட்டி. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்கேனர் முன்னால் இருந்தேன். அவர்களுக்கு அது தெரியாது.

"மாமா, இது யாரு செஞ்சது?"

"நம்ம டீச்சர்தான். கொள்ளாம்லா?"

"கொள்ளாம். சட்டம் போட்டு செவுத்துல மாட்டலாம்."

"என்னலே, கிண்டலா?"

"கிண்டல் இல்ல மாமா. இஞ்ச பாருங்க, மவுஸ வச்சு இழுக்கேன். ஒரு எழுத்தாவது புடிபடுதா? எல்லாம் படம். நெட்டுல பள்ளிக்கூடத்துக்க பேர அடிச்சுத் தேடுனா இது வராது, ஏன்னா இதுல பேரே இல்ல. போன்ல தெறந்தா எறும்பு சைஸ்ல தெரியும். ஒரு வார்த்தைய மாத்தணும்னா முழுசும் திரும்ப வரையணும். இது வெப்சைட்டு இல்ல மாமா, கல்யாணக் கார்டு."

"தமிழு எல்லா மெஷின்லயும் வராதுல்லா? அதுக்குத்தான் டீச்சர் இந்த வேல பண்ணுது."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எல்லாத்துலயும் வரும். இத படிச்சிட்டு எவனாவது வெளிய இன்டர்வியூவுக்குப் போனா தொரத்தி விட்டுருவான்."

முதலாளியின் குரல் தாழ்ந்து வந்தது.

"இத டீச்சர்கிட்ட சொல்லாண்டாம் கேட்டியா. பாவம், வெசனப்படும். அட்மிஷன் முடியட்டும், பாப்போம்."

ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது. நான் அதன் மூடியை அழுத்திப் பிடித்தபடியே இருந்தேன். அவர்கள் காப்பி குடிக்க இறங்கும்வரை நான் இருமக்கூட இல்லை.

அன்று மாலை என்னைத் தெரியாத ஒரு பிரவுசிங் சென்டராகப் பார்த்துப் போனேன். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, எழுத்தின்மேல் மவுஸை வைத்து இழுத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக நீல நிறம் ஏறிப் பிடிபட்டன. பிறகு என் பள்ளிக்கூடப் பக்கத்தைத் திறந்து இழுத்தேன். கண்ணாடிமேல் கை வழுக்குவதுபோல அம்பு வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பையன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆறு வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று மனசு எண்ணப் பார்த்தது. நான் எண்ண விடவில்லை. அவளை மட்டும் நினைத்தேன். நேர்முகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் வகுப்பில் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் போகட்டும் என்று நினைத்தேன். எல்லாரும் போனபோது அவளுக்கு பஸ் வந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். இப்படி நாள் போனதற்குக் கூச்சம் என்று வெகுகாலம் காரணம் சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை. எனக்குத் தெரியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். சொன்ன அடுத்த நிமிடம் நான் மறுபடியும் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு ஆகிவிடுவேன். அதுதான் காரணம்.

சனிக்கிழமை அவளே கேட்டாள். திங்கட்கிழமை நேர்முகம். லேபில் நாங்கள் இருவர் மட்டும். கோயில் பக்கத்தை சி.டி.யில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அங்க உள்ளவிய வேற மாதிரி என்னமும் கேப்பாவளா? நமக்குத் தெரியாத எதாவது?"

இதைவிட நல்ல வாசலை யாரும் எனக்குத் திறந்துவிட முடியாது. நான் மானிட்டரைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக, பதினேழாவது தடவை எழுதிய தலைப்பு.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. பயப்படாம போ" என்றேன்.

"நீங்க சொன்னா செரிதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் அதைக் கதைபோலச் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"மூணு பேரு. ஒரு பொம்பள, ரெண்டு ஆம்பள. சி.டி.ய போட்டாவ. பாத்ததும் அந்தப் பொம்பள, 'நல்ல பங்கி உண்டல்லோ'ன்னு மலையாளத்துல சொல்லிச்சு, அழகா இருக்குன்னு. எனக்குக் காலு தரையில இல்ல. பெறவு ஒருத்தரு தமிழ்ல, 'பத்தாம் திருவிழாங்கறத ஒன்பதாம் திருவிழான்னு மாத்துங்க, அஞ்சு நிமிஷம்'ன்னாரு. அஞ்சு நிமிஷத்துல எப்பிடி மாத்துவ? இருந்தாலும் விடலாமா? ஒரு கடலாசும் பேனாவும் தாருங்கன்னு கேட்டேன்."

ஒரு பிள்ளை, "பெறவு?" என்றது.

"பால்பாயிண்ட் பேனா தந்தாரு. என்னமோ குறிப்பு எழுதப் போறேன்னு நெனச்சிருக்காரு. இது வேண்டாம் சார், பட்டை நிப்பு உள்ளது இருக்கா, இந்தியன் இங்க் இருக்கான்னேன். மூணு பேரும் முழிக்காவ. ஸ்கேனர் எங்க இருக்குன்னும் கேட்டேன். அந்தப் பொம்பள பொத்தி பொத்தி சிரிச்சுச்சு. ஆம்பளையளு சத்தமாவே சிரிச்சாவ. அப்பவும் எனக்குத் தெரியல்ல, எதுக்குச் சிரிக்காவன்னு. எங்க டீச்சர் இப்பிடித்தான் சொல்லித் தந்தாவ, இதுதான் அழகுன்னு நான் வாதாடுறேன்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னைத் தவிர அங்கே எல்லாரும் சிரித்தார்கள்.

"பெறவு அந்தத் தமிழ் ஆளு பாவம், பக்கத்துல உக்காத்தி வச்சுக் காட்டினாரு. எழுத்த அப்பிடியே அடிச்சாரு. அழிச்சாரு. திரும்ப அடிச்சாரு. அவ்வளவுதான். 'கை நல்ல கை, ஆனா உங்களுக்கு யாரோ பழைய பாடம் சொல்லித் தந்திருக்காங்க'ன்னாரு."

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பி, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். நான் திரும்பிக்கொள்ள இடமில்லை.

"டீச்சர், இது உங்களுக்கும் தெரியாதுதானே?" என்று கேட்டாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. தெரியாது என்று நான் சொல்லவேண்டும் என்ற ஆசை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், என்னை மன்னித்தும் இருப்பாள்.

என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. இது நல்ல குணம் ஒன்றும் இல்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

"தெரியும்" என்றேன்.

"எப்பத்துலேருந்து?"

"தீபாவளி கழிஞ்ச புதன்கிழமை. முதலாளிக்க மருமகன் சொன்னத கேட்டேன்."

அவள் விரல்கள் பையின் வார்மேல் ஒவ்வொன்றாக மடங்கின. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"பன்னெண்டு நாளு" என்றாள். பிறகு, "எனக்குப் பத்து நாளு போதும் டீச்சர். நீங்க சொல்லித் தராண்டாம். இப்பிடி ஒண்ணு இருக்கு, போய்த் தேடுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் படிச்சிருப்பேன்."

நான் மவுஸின் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நான் கேட்டேன்லா?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ விலாசம் சரிபார்ப்பது மாதிரி மெதுவாகக் கேட்டாள். பிறகு எழுந்து, போய்ட்டு வாறேன் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

வேறு கம்பெனிக்கு எழுதிப் போட அவளுக்கு நேரமில்லை. டிசம்பர் வந்தது. ஒப்பந்தத்தில் அவள் ஏமாற்றவில்லை. அந்த ஊரில் இருந்து வரும் இன்னொரு பிள்ளை சொல்லித்தான், முதல் ஓலை வாசித்ததைக் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. பஹ்ரைனில் அவள் நன்றாக இருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். இருக்கலாம். நன்றாக இருக்கிறாளா இல்லையா என்பதல்ல இதில் விஷயம். அவள் கேட்டது வேறு ஒன்று.

முதலாளியிடம் நான் எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஒருவரை ஒருவர் வெசனப்படுத்தாமல் இன்னும் மூன்று வருடம் அந்தச் சென்டரில் ஒன்றாக இருந்தோம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் லீவில் சென்டர் பூட்டியிருந்தபோது, சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தேன். தமிழை எழுத்தாக அடிப்பது, அளவை நிலையான எண்ணாக எழுதாமல் நூற்றில் இத்தனை பங்கு என்று எழுதுவது, பார்க்கிறவனின் திரைக்குத் தக்கபடி வரியை மடியவிடுவது என்று முதலிலிருந்து தொடங்கினேன். முதல் நாள் கோபம் கோபமாக வந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பக்கத்தின் முதல் பாதி எழுத்தாக எழுந்து நின்றது. அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் தேடினால் கிடைத்தது.

நாற்பதைத் தொடும் வயதில், ஆங்கிலம் எழுத்து எழுத்தாகப் படிக்கும் எனக்கு அதைக் கற்க ஆறு நாள் ஆனது.